ஈயம் உண்ட புல்

மகள், அஸ்ஸலாமு அலைக்கும்.

வெள்ளிக்கிழமை நீ கண்டியில் பஸ் ஏறுமுன் இதைப் படித்து முடித்துவிடு. வீட்டுக்கு வந்த பிறகு என்னால் இதைச் சொல்ல முடியாது. உன் முகத்தைப் பார்த்ததும் தேநீர் ஊற்றப் போய்விடுவேன். பல வருடங்களாக அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நொத்தாரிசிடம் போவதாக இருந்தது. கல்முனை வீட்டையும் வரிப்பத்தான்சேனைக் காணியையும் சீதனமாக உன் பெயருக்கு எழுதுவதாகப் பேச்சு. வீட்டை எழுதுகிறேன். காணியை எழுத மாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதே அந்தக் காணியைத்தான் என்று உனக்குத் தெரியும். நிக்காஹ்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அந்த மண்ணில் ஈயம் இருக்கிறது, மகள். ஒரு வரியில் சொன்னால் இவ்வளவுதான். மீதி எல்லாம் அந்த ஒரு வரியை நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட கதை.

அந்தக் காணி எனக்கும் சீதனமாக வந்தது. என் வாப்பா எழுதித் தந்தது. எழுதுவதற்கு முந்திய வருடம் அவர் அதைக் கிரவல் வெட்டக் கொடுத்திருந்தார். வீதிகள் போட்ட காலம். மண் வெட்டும் பெக்கோ இறங்கியது, டிப்பர்கள் வந்து போயின. மேல்மண்ணும் அதன் கீழிருந்த சிவப்புக் கிரவலும் போன பிறகு ஓர் ஆளை மறைக்கும் ஆழத்துக்குக் குழி மிஞ்சியது. வெட்டியவர்கள் மூடிவிட்டுப் போகவேண்டும் என்று பேச்சு இருந்ததாம். யாரும் மூடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. குழிக்காணி என்று பெயர் மட்டும் வந்தது. எனக்கு எழுதிய உறுதிப் பத்திரத்தில் நான்கு எல்லைகளும் இருந்தன. குழி இருக்கவில்லை.

நீ நடக்கப் பழகிய நாட்களில் உன் வாப்பா கடற்கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். வலையின் அடிக்கயிற்றில் கோக்க ஈயக்குண்டு வேண்டும். பழைய வாகனப் பெற்றரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை உருக்கி, அச்சில் ஊற்றினால் குண்டு. ஊருக்குள் செய்தால் புகைக்கு ஆட்கள் ஏசுவார்கள். குழிக்காணி சும்மா கிடந்தது. அங்கே ஒரு கொட்டில் போட்டார். புகை குழிக்குள்ளேயே நின்றது. பெற்றரிக்குள் இருந்த அமிலத் தண்ணீரை அப்படியே மண்ணில் ஊற்றினார். பிறகு ஒலுவில் துறைமுகத்து வள்ளங்கள் வரை நம்முடைய குண்டு போனது. எதற்கும் உதவாத குழி நம்மைச் சாப்பிட வைக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். உன்னையும் கூட்டிக்கொண்டு போவோம். ஆறிய குண்டுகளை நீ வரிசையாக அடுக்கி விளையாடுவாய். ஒன்றை வாயில் போட்டு நக்குவாய். இனிக்கிறது என்பாய்.

நான் தாவரவியல் படித்தவள். பல்கலைக்கழகத்தில், இறுதி வருடத்தில், ஈயம் உடலுக்குள் போனால் என்ன செய்யும் என்று ஒரு கேள்வி வந்தது. எழுதினேன். எலும்பில் போய்ச் சுண்ணாம்பின் இடத்தில் குந்திக்கொள்ளும். பிள்ளைகளின் மூளையைத் தொடும். நல்ல புள்ளி கிடைத்தது. அதே கையால் உன் வாப்பாவின் சாரனையும் உன் சட்டைகளையும் ஒரே பேசினில் ஊறப்போட்டேன். தண்ணீர் சாம்பல் நிறமாகும். அழுக்கு என்று நினைத்து முற்றத்தில் ஊற்றினேன். நான் படித்ததும் அந்தப் பேசினும் எனக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் தம்பி அஸீமுக்கு எட்டு வயதாகியும் எழுத்துக் கூடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். ஓதிப்பார்த்தோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம். அடிக்கவும் அடித்தேன். டீச்சரின் மகன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்ப்பார்களே என்று அடித்தேன். மட்டக்களப்பில் ஒரு டொக்டர் அவனுடைய வாயைத் திறந்து பல் முரசைப் பார்த்தார். பல்லின் அடியில் மெல்லிய நீலக் கோடு. நிமிர்ந்து, வாப்பாவின் தொழில் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரத்தம் கொழும்புக்குப் போய் வந்தது. அது வருமுன்பே எனக்குப் பதில் தெரியும்.

அந்த டொக்டர் இன்னொன்றும் சொன்னார். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் கூட்டிவாருங்கள் என்றார். ஒரு மகள் இருக்கிறாள், கூட்டிவருகிறேன் என்றேன்.

கூட்டிப்போகவில்லை.

உனக்கு அப்போது பதின்மூன்று. நீ நன்றாகப் படித்தாய், ஓடினாய், சிரித்தாய். உனக்கு ஒன்றுமில்லை என்று என்னை நானே நம்பவைத்தேன். அது பாதி. மற்றப் பாதி இது. ஒரு பெண்பிள்ளையின் பெயர் அப்படி ஒரு கடதாசியில் எழுதப்பட்டால், நாளைக்கு யாராவது அதை வாசிப்பார்கள். தம்பியும் அப்படி, அவளுடைய இரத்தமும் அப்படி என்பார்கள். உன் கலியாணத்தை உன் பதின்மூன்று வயதிலேயே நினைத்தேன். உன் எலும்பை நினைக்கவில்லை. எலும்பில் குந்திய ஈயம் வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும். ஒரு பெண் வயிற்றில் பிள்ளை தங்கும்போது, அந்தப் பிள்ளைக்குச் சுண்ணாம்பு கொடுப்பதற்காக எலும்பு தன்னைக் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். அப்போது அதுவும் சேர்ந்து போகும். 

உன் வாப்பா கொட்டிலைப் பூட்டினார். ஓட்டோ வாங்கினார். வீட்டு முற்றத்து மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சீமெந்து போட்டோம். குழிக்காணியை என்ன செய்வது என்று நான் பழைய குறிப்புக் கொப்பிகளைத் திறந்தேன். சில செடிகள் மண்ணிலிருந்து உலோகத்தை இழுத்துத் தண்டிலும் இலையிலும் வைத்துக்கொள்ளும். சில வேரால் மண்ணைக் கவ்விப் பிடித்து அதை நகரவிடாமல் வைத்திருக்கும். கைவிட்ட சுரங்கங்களில் இப்படி நட்டு வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள் என்று வகுப்பில் படித்தது. குழியின் சரிவெல்லாம் வெட்டிவேர் நட்டேன். உள்ளே கடுகு, அது முடிந்ததும் சூரியகாந்தி. முதல் மழைக்குப் பாதி செத்தது. மாட்டெருவும் சாம்பலும் போட்டு மறுபடி நட்டேன். லீவு நாட்களில் நான் எங்கே போகிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம் இங்கேதான் போனேன்.

ஈயம் மண்ணை இலேசில் விடாது. செடிக்குக் கொஞ்சம்தான் கொடுக்கும். அமிலம் போட்டு இளக்கிவிட்டால் செடி அதிகமாக இழுக்கும் என்று படித்திருந்தேன். இளகியது வேருக்கு மட்டும் போகாது, பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். அதனால் செய்யவில்லை. அப்படியானால் என் ஆயுள் போதாது. அதுவும் தெரிந்துதான் நட்டேன். ஒவ்வொரு போகமும் வெட்டினேன், காயவைத்தேன், உரப்பைகளில் கட்டினேன். எரித்தால் புகையில் போகும். குப்பையில் போட்டால் மாடு தின்னும். பைகளைப் பழைய கொட்டிலுக்குள் அடுக்கினேன். இப்போது கூரை முட்ட நிற்கின்றன. யாரிடம் கொடுப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்பதென்றால் காரணம் சொல்லவேண்டும்.

காரணம் சொல்லாததால் கதை வந்தது. வேலிக்கு அப்பால் குடியிருக்கும் சுஹரா ஒரு நோன்பு மாதத்தில் கடுகுக்கீரை கொஞ்சம் கேட்டாள், கஞ்சிக்குப் போடுவதற்கு. இல்லை என்றேன். காயவைத்துப் பையில் கட்டுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வேணும் என்று பொய் சொன்னேன். “டீச்சர் கடுகுக்கும் சோதின வைக்கப் போறா போல” என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிச் சிரித்தாள். விளைந்ததை ஏழைக்குக் கொடுக்காமல் பூட்டிவைக்கிறவள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது. கஞ்சத்தனம் என்ற பெயர் கலியாணத்தைக் கெடுக்காது.

ஒன்று சொல்லட்டுமா. குழி பச்சையானது எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் வருடம் வெட்டிவேர் ஆள் உயரம். சூரியகாந்தி பூத்தால் வீதியில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். நான் கரையில் நின்று, எல்லாம் சரியாகிவிட்டது போல ஒரு நிமிடம் இருப்பேன். அந்த நிமிடத்தை நம்பாதே. உன் வாழ்க்கையில் ஏதாவது மிகவும் பச்சையாகத் தெரிந்தால் அதன் வேர் எதைக் குடிக்கிறது என்று கேள். நான் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் உன் சம்பந்தம் வந்தது. ஹாஜியாரின் வயல் குழிக்காணிக்கு அடுத்த கண்டம். தன் மகனுக்கு உன்னைக் கேட்டு வந்த அன்று அவர் முதலில் காணியைத்தான் புகழ்ந்தார். “இது கிரவல் குழியெண்டு செல்லினா ஆரும் நம்பமாட்டாங்க டீச்சர். எங்கட வயல விடப் பச்ச.” மாடு வளர்க்கலாம், மரக்கறி போடலாம் என்றார். உன் வாப்பா என்னைப் பார்த்தார். நான் வட்டிலப்பத்தை இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இனி வருவதை நீ நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபது நாள் இருக்கும்போது ஹாஜியார் வந்தார். உழ்ஹிய்யாவுக்கு அறுக்க மாடு வாங்கியாகிவிட்டது, ஏழு பேர் பங்கு, கட்டி மேய்க்க இடமில்லை என்றார். “ஒங்கட குழிக்காணில கட்டட்டா? சும்மா கிடக்கிற புல்லுதானே. சம்மந்தி வீட்டுப் புல்லத் திண்டுட்டுப் போகட்டும்.” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் அதுவரை எத்தனையோ பேருக்கு ஒரு பிடி கீரை இல்லை என்று சொன்னவள். அவருக்குச் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் ஏன் என்பார். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில்.

“ஓம்” என்றேன்.

நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். கறுத்த காளை, நெற்றியில் வெள்ளை. வெட்டிவேரின் இளம் தளிரைக் கடித்து இழுத்தது. தளிர் வேரோடு வந்தது, வேர் மண்ணோடு வந்தது. மண்ணோடேயே மென்றது. மூக்கெல்லாம் சிவப்பு மண். அந்த மண்ணை ஏழு வருடங்களாக நான் கையுறை போட்டுத்தான் தொடுகிறேன். வீட்டுக்கு வந்து உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்து முடித்தார். பிறகு, “இப்ப செல்லினா எல்லாம் கலைஞ்சிரும்” என்றார். அவரைக் குற்றம் சொல்லாதே. நான் எதிர்பார்த்துப் போன பதில் அதுதான். அவர் வேறு பதில் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை பிடித்திருப்பேன்.

உழ்ஹிய்யா மாட்டில் பழுது இருக்கக்கூடாது. கண் தெரியவேண்டும், காது கிழியாமல் இருக்கவேண்டும், நொண்டக்கூடாது, மெலியக்கூடாது. மௌலவி காளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் அன்று வேலியோரம் நின்றேன். பழுதில்லை என்றார். இருபது நாள் மேய்ந்து கொழுத்திருந்தது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நானும் சொன்னேன். என் நாக்கு அதையும் சொல்லியது.

பெருநாளன்று நீ வீட்டில் இருந்தாய். ஈரலை முதலில் சாப்பிடுவது நம் வழக்கம். அவர்கள் பாதியைத் தங்களுக்கு வைத்து, பாதியை ஒரு கோப்பையில் மூடி நமக்கு அனுப்பினார்கள். மருமகளாக வரப்போகிறவளுக்கு மரியாதை. இறைச்சி பைகளில் போடப்பட்டு வீடு வீடாகப் போனது. வருடத்தில் ஒரு தடவை மாட்டிறைச்சி சாப்பிடுகிற வீடுகளுக்கும் போனது. அந்த மாட்டின் உடலில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தசையில் குறைவாக இருக்கும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பிலும் கூடுதலாக இருக்கும். தெரியாது என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு நாளும் ஒளிந்திருந்தேன்.

பெருநாள் கழிந்து ஒன்பது வாரங்கள் போயின. போன வாரம் உன் கூறைப்புடவை பார்க்க அவர்களோடு கடைக்குப் போனேன். மாப்பிள்ளையின் மூத்த சகோதரி ஷிரீன் ராத்தாவும் வந்தாள். கதிரை கேட்டு உட்கார்ந்தாள். ஐந்து மாதம் என்று அவளுடைய உம்மா மெதுவாகச் சொன்னார். முதல் இரண்டும் தங்கவில்லை, இது தங்கியிருக்கிறது, துஆச் செய்யுங்கள் என்றார். நான் விரல்களை மடக்கி எண்ணினேன். பெருநாளன்று அவளுக்கு மூன்று மாதம். கையில் இருந்த புடவையின் நிறம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாளே வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். உனக்கு மாமியாக வரவேண்டியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெற்றரி, அஸீம், புல், மாடு. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. படித்தவர்கள் இல்லாததை எல்லாம் நினைத்துப் பயப்படுவார்கள் என்றார். மாடும் தின்றது, நாங்களும் தின்றோம், ஒருவருக்கும் ஒன்றுமில்லையே என்றார். காணி வேண்டாம், நான் ஹாஜியாரிடம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன், கலியாணம் நடக்கட்டும் என்றார். நான் எழுந்தபோதுதான் சுளகைக் கீழே வைத்தார். “டீச்சர், ஷிரீன்ட காதில மட்டும் இதப் போட்டுராதீங்க. அவ தாங்கமாட்டா.”

மகள், எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறாய். பஸ்ஸில் திரும்பி வரும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. கலியாணம் நடக்கும். நான் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. சம்மாந்துறை வரும்வரை அப்படியே இருந்தேன். அங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறி என் பக்கத்தில் இருந்தாள். குழந்தை என் விரலைப் பிடித்தது. மட்டக்களப்பு டொக்டரிடம் கூட்டிவருகிறேன் என்று சொன்ன என் குரல் எனக்குக் கேட்டது. அதே குரல், அதே ஆறுதல்.

நேற்றுக் காலை வரிப்பத்தான்சேனைக் கிளினிக்குக்குப் போனேன். ஷிரீன் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கார்ட். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.  அவள் கார்ட்டின் மூலையை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமி, ஒங்கட வீட்டுக்கு வந்த ஈரல நீங்க திண்டீங்களா?”

ஈரலைப் பூனை தட்டிவிட்டது என்று அன்று உங்களிடம் சொன்னேனே. பூனை இல்லை. கோப்பையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். ஒரு துண்டுகூட உங்கள் வாய்க்குப் போகவிடவில்லை. அந்த நேரத்தில் வரிப்பத்தான்சேனையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையில் தொலைபேசி இருந்தது. நான் கை கழுவினேன்.

“இல்ல மகள். நான் தாட்டுட்டன்.”

“எங்களுக்கு ஒரு சொல்லுச் செல்ல ஏலாமப் போயிட்டா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அவளை அணைத்திருப்பேன், அதில் எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். வாங்கிலிருந்து மெதுவாக எழுந்து, என் முழங்கையைப் பிடித்து, உள்ளே இருந்த தாதியிடம் கூட்டிப்போனாள். இவ என்ன செல்றா எண்டு எழுதுங்க, எனக்கு இதுட பேர் தெரியா என்றாள். நான் சொன்னேன். ஈயம் என்று அந்த ஊரில், ஓர் உத்தியோகத்தரின் முன்னால், என் வாயால் முதல் தடவையாகச் சொன்னேன். ஷிரீனின் இரத்தம் எடுத்தார்கள். அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. அவளுடைய வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. உன் கலியாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையோடு நீயே கதைத்துக்கொள். நான் உனக்காகக் கதைத்ததெல்லாம் இப்படித்தான் முடிந்தது. அவன் உன்னைத்தான் விரும்பினானா, பசுமையைப் பார்த்து வந்தானா என்பதும் உனக்கு இனித் தெரியவரும். எப்படித் தெரியவந்தாலும் அதை என்னிடம் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. நீ படித்த பிறகு பள்ளிவாசலில் ஒரு பிரதி கொடுப்பேன். பங்கு போட்டவர்கள் ஏழு பேர், ஆனால் பைகள் போன வீடுகள் எவை என்று எனக்குத் தெரியாது. தெரியாதவர்களும் படிக்கட்டும். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். குழிக்காணியைச் சுற்றி முள்வேலி போடுகிறோம். இந்த மண்ணில் ஈயம் இருக்கிறது என்று உன் வாப்பா பலகையில் தானே எழுதுகிறார். நான் உயிரோடு இருக்கும்வரை நட்டு வெட்டிக்கொண்டிருப்பேன். அதை நீ தொடரவேண்டாம்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறாதே. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போ. ஈயத்துக்கு இரத்தம் பார்க்கவேண்டும் என்று சொல். ஏன் என்று கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

நேற்று அந்தத் தாதி எழுதி முடித்துவிட்டு, வேறு யார் யார் என்று கேட்டாள். ஒரு வெள்ளைத் தாள் தந்தாள். பெயர்களை எழுதச் சொன்னாள், தெரிந்த அளவுக்கு. வாங்கில் இருந்து எழுதினேன். சுஹராவின் வீடு, மௌலவியின் வீடு, ஹாஜியாரின் வீட்டில் உள்ள எல்லோரும். தாள் நிறைந்தது.

முதலாவதாக உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

உம்மா